மண்டபத்திலிருந்து மதுரைக்குப் போய் எடுத்துக்கொண்ட புரோஸ்டேட் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்

இரண்டு மாத இடைவெளியில், ஒரே உறுப்புக்காக இரண்டு முறை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். முதல் ஸ்கேனுக்கு 5,500 ரூபாய் ஆயிற்று. இரண்டாவதற்கு 9,500 ரூபாய். முதல் அறிக்கையை மதுரையில் உள்ள சிறுநீரகவியல் மருத்துவர் வாங்கிப் படித்துவிட்டு, "இதை வைத்துக்கொண்டு உங்களுக்கு என்னால் எதுவும் சொல்ல முடியாது ஐயா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது அறிக்கை வந்தபோது, கணினித் திரையில் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டி, என் மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கால் மணி நேரம் விளக்கினார். இரண்டு இடத்திலும் இருந்தது 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள இயந்திரம்தான். எடுத்த விதமும், எடுத்ததைப் படித்த கண்ணும்தான் வேறு. கடற்கரைப் பகுதியிலிருந்து இதற்காகச் செலவு செய்து புறப்படும் ஒவ்வொருவரும் இந்த வேறுபாட்டை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த மதிப்பீட்டை விரிவாக எழுதுகிறேன்.

நான் மீன்வளத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். வயது 64. மண்டபத்தில் வசிக்கிறேன். என் அண்ணன் தொண்டியில் இருக்கிறார்; என்னைவிட நான்கு வயது மூத்தவர்; வாழ்நாள் முழுவதும் கடலுக்குப் போனவர். அவருக்கு இடுப்பும் முதுகும் வலித்தபோது, வலை இழுத்த உடம்புக்கு இது வழக்கம்தான் என்று எல்லோருமே நினைத்தோம். தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுத்தே ஒரு வருடத்தைக் கடத்தினோம். வலி தாங்க முடியாமல் போய்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, புரோஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் எலும்புகளுக்குப் பரவியிருந்தது. அவருக்குச் சிறுநீர் கழிப்பதில் சொல்லும்படியான தொந்தரவு எதுவும் இருந்ததில்லை என்பதுதான் எங்களை உலுக்கியது. தொந்தரவு இருந்ததெல்லாம் எனக்குத்தான்: இரவில் நான்கு முறை எழுந்திருக்க வேண்டும், தாரை மெலிந்துவிட்டது, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பதைப் போன்ற உணர்வு.

இதற்கான விளக்கத்தைப் பிறகு மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். புரோஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. வயதாக ஆகச் சுரப்பியின் உட்பகுதி பருத்துக் குழாயை நெருக்குவதால் வருவதுதான் என்னுடைய தொந்தரவு. அது பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை. புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குகிறது. அங்கே அது குழாயை நெருக்காமல், எந்த அடையாளமும் காட்டாமல் வருடக் கணக்கில் இருக்க முடியும். நம் பக்கத்து ஆண்கள் நீர்க்கடுப்பு வந்தால் உடம்புச் சூடு என்று நுங்கும் பதநீரும் சாப்பிட்டுவிட்டு, கடுப்பு தணிந்ததும் நோயே போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். கடுப்பே இல்லாதவர்களுக்கு அந்த எண்ணம்கூட வருவதில்லை. தகப்பனுக்கோ உடன்பிறந்தவனுக்கோ இந்த நோய் இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அண்ணனுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சொன்ன அன்றே, நான் இரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பினேன்.

அங்கே அவசரப்பட்டு ஒரு பிழை செய்தேன். அந்த வாரம் எனக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. எரிச்சலும் லேசான காய்ச்சலும் இருந்தன. அந்த நிலையில் கொடுத்த இரத்தத்தில், புரோஸ்டேட் சுரப்பி சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு 9.4 என்று வந்தது. வழக்கமாக 4 என்பதை எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் அண்ணனின் முகம்தான் கண் முன்னால் வந்தது. எந்த மருத்துவரையும் கேட்காமல், பக்கத்து ஊர் ஒன்றில் உள்ள தனியார் ஸ்கேன் மையத்துக்கு மறுநாளே போய், "புரோஸ்டேட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்" என்றேன். யாரும் எதையும் கேட்கவில்லை. பி.எஸ்.ஏ. எவ்வளவு, தொற்று இருக்கிறதா, இதற்கு முன் திசுப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்ற ஒரு கேள்வியும் இல்லை. இருபது நிமிடத்தில் முடித்து அனுப்பினார்கள். அடுத்த நாள் கையில் கிடைத்த அறிக்கை ஒரே பக்கம்தான், தலைப்பில் "இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ." என்றிருந்தது. சுரப்பி வீங்கியிருக்கிறது, மருத்துவரின் நேரடிப் பரிசோதனையுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று இரண்டு வரிகள் இருந்தன. சுரப்பியின் கன அளவுகூட அதில் எழுதப்பட்டிருக்கவில்லை.

பின்னர் அந்தக் குறுந்தகட்டைப் பார்த்த மதுரை மருத்துவர், அதில் பரவல் படம் எடுக்கப்படவே இல்லை என்று காட்டினார். புரோஸ்டேட்டுக்கென்று எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ.யில் முக்கியமாக இரண்டு வகைப் படங்கள் வேண்டும். சுரப்பியின் உள்ளமைப்பை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் டி-2 வகைப் படம் ஒன்று. திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதைக் காட்டும் பரவல் படம் மற்றொன்று. புற்றுநோயில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் நீரின் நகர்வு தடைப்படுகிறது. அந்த இடம் படத்தில் தனியாகத் தெரிகிறது. வெளிப்பகுதியைப் பொறுத்தவரை இந்தப் பரவல் படத்தை வைத்தே முதன்மையாக முடிவு செய்கிறார்கள். அதை எடுக்காமல் விட்ட ஸ்கேன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கேட்ட கேள்விக்கு விடை சொல்லாது. அந்த மையம் என்னிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் "புரோஸ்டேட்டுக்கு" என்று கேட்டு வந்தவனுக்குப் பொதுவான இடுப்பு ஸ்கேனை எடுத்துக் கொடுத்து, அது வேறு, இது வேறு என்று சொல்லாமல் பணம் வாங்கியது சரியல்ல என்பதே என் முடிவான கருத்து.

தொற்றுக்கு மருந்து சாப்பிட்டு, ஆறு வாரம் கழித்து மருத்துவர் மீண்டும் பி.எஸ்.ஏ. எடுக்கச் சொன்னார். அதற்கு முந்தைய இரண்டு நாள் சைக்கிள் மிதிக்கக் கூடாது, தாம்பத்தியமும் கூடாது என்றும் சொன்னார். இவையும் எண்ணை ஏற்றிவிடுமாம். இந்த முறை 6.8 வந்தது. குறைந்திருந்தாலும் விட்டுவிட முடியாத எண்; அண்ணனின் நோயும் கணக்கில் இருந்தது. அதனால் முறையான எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, அதன் பிறகு திசுப் பரிசோதனை தேவையா என்று முடிவு செய்யலாம் என்றார். இந்த வரிசை முக்கியம். முதலில் ஊசியால் திசு எடுத்துவிட்டால் உள்ளே இரத்தம் கசிந்து படத்தைக் குழப்பிவிடும். பிறகு ஸ்கேன் எடுக்கக் குறைந்தது ஆறு வாரமாவது காத்திருக்க வேண்டியிருக்கும். வீக்கத்துக்காக டூட்டாஸ்டரைடு, ஃபினாஸ்டரைடு போன்ற மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், அவை பி.எஸ்.ஏ.யை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

இந்த முறை தொலைபேசியில் கேட்டுத்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். மதுரையில் மூன்று மையங்களுக்குப் பேசினேன். பரவல் படம் எடுப்பீர்களா, அறிக்கையில் புற்றுநோய்ச் சந்தேகத்தின் அளவைக் காட்டும் பைராட்ஸ் மதிப்பெண் போடுவீர்களா, புரோஸ்டேட் படங்களை வழக்கமாகப் படிக்கும் கதிரியக்கவியல் மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டேன். முதல் இடத்தில், வரவேற்பில் இருந்தவருக்குக் கேள்வியே புரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றவர் திரும்ப அழைக்கவில்லை. இரண்டாவது இடத்தில் எல்லாவற்றுக்கும் "உண்டு, உண்டு" என்றார்கள். யார் படிப்பார் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. மூன்றாவது இடத்தில் இணைப்பை டெக்னீஷியனிடமே கொடுத்தார்கள். அவர் என் பி.எஸ்.ஏ. அளவைக் கேட்டார், பயாப்சி, அதாவது திசுப் பரிசோதனை, செய்ததுண்டா என்று கேட்டார், சர்க்கரை உண்டா என்று கேட்டார். நான் இன்னும் பணம் கட்டாத, ஊர் பேர் தெரியாத ஒருவன். அப்படியிருந்தும் ஐந்து நிமிடம் பொறுமையாகப் பேசினார். அங்கேதான் போவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த மையத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. படிக்கும் மருத்துவர் இன்று ஓர் இடத்தில் இருப்பார், நாளை வேறோர் இடத்துக்கு மாறுவார். பெயர்ப் பலகையை நம்பிப் போவதைவிட இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுப் போவதே பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மண்டபத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறவனுக்குப் பேருந்துப் பயணம் எவ்வளவு பெரிய பாடு என்பது அனுபவித்தவர்களுக்கே தெரியும். இராமநாதபுரத்தில் ஒரு முறை, பரமக்குடியில் ஒரு முறை இறங்க வேண்டியிருந்தது. பரமக்குடியில் நடத்துநர் இரண்டு நிமிடம் நிறுத்தி வைத்தார், அவருக்கு நன்றி. காலை ஏழரை மணிக்கு வரச் சொன்ன மையம், நாங்கள் கடற்கரையிலிருந்து வருகிறோம் என்று சொன்னதும் பதினொன்றரைக்கு மாற்றிக் கொடுத்தது. நான்கு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பதால், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் எனக்கு இந்த மாற்றம் பெரிய உதவியாக இருந்தது. விடியற்காலையில் இரண்டு இட்டிலி சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறினோம்.

போனதும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். படம் துலக்கமாகத் தெரிவதற்காக ஊசியில் ஏற்றும், கடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு அதைக் கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது. அது முடிந்ததும் ஒரு படிவத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துக் காட்டி, பதிலை எழுதிக்கொண்டார்கள். இதய பேஸ்மேக்கர், இரத்தக் குழாயில் வைத்த ஸ்டென்ட், எலும்பில் போட்ட தகடு, காதுக்குள் பொருத்திய கருவி என்று வரிசையாகக் கேட்டார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் அதற்குக் கொடுத்த அட்டையைத் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும். கண்புரைக்கு வைத்த லென்ஸால் எந்தத் தொல்லையும் இல்லை.

எனக்கு முன்னால் முதுகுத்தண்டு ஸ்கேனுக்காகக் காத்திருந்தவர் பாம்பனைச் சேர்ந்தவர். விசைப்படகுகளுக்கு வெல்டிங் வேலை பார்ப்பவர். "எப்பவாவது கண்ணுல இரும்புத் தூசி பறந்து விழுந்திருக்காண்ணே?" என்று டெக்னீஷியன் கேட்டதும் அவர் யோசித்துவிட்டு, இருபது வருடத்துக்கு முன் கிரைண்டர் போடும்போது விழுந்தது, ஊரிலேயே எடுத்துவிட்டார்கள் என்றார். உடனே அவரை உள்ளே விடாமல் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள். மிச்சமாகத் தங்கிய ஓர் இரும்புத் துணுக்கு காந்தப் புலத்தில் அசைந்தால் பார்வையே போய்விடக் கூடும். மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பக்கத்தில் படகுப் பட்டறைகளில் வேலை செய்தவர்கள் நிறையப் பேர். இந்த ஒரு கேள்வியைக் கேட்காத மையத்தில் அவர்கள் படுக்கவே கூடாது. நான் முதலில் போன இடத்தில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பிறகு உடை மாற்றச் சொன்னார்கள். என் இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி. அதில் ஏர்வாடியிலிருந்து அம்மா வாங்கி வந்து கட்டிய தாயத்து. இருபத்தைந்து வருடமாகக் கழற்றாதது. கொக்கி துருவேறி இறுகிக் கிடந்தது. கத்தரித்துவிடுங்கள் என்று நானே சொல்லியும் அந்த இளைஞர் மறுத்துவிட்டு, "அம்மாவைக் கூப்பிடுறேன் ஐயா, அவங்க கழட்டட்டும்" என்று என் மனைவியை அழைத்தார். அவள் தேங்காய் எண்ணெய் கேட்டாள்; யாரோ செவிலியின் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டில் வந்தது. எண்ணெய் விட்டு, நகத்தால் நெம்பி, பத்து நிமிடத்தில் கொக்கியைத் திறந்தாள். அந்தப் பத்து நிமிடமும் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. நேரத்தைக் காசாக எண்ணும் இடத்தில் இது எனக்கு மிகவும் பெரிதாகப் பட்டது. முதல் மையத்தில் கொடியை மேலே தூக்கி மார்புக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லி அப்படியே படுக்க வைத்தார்கள். உலோகக் கொடி உடலோடு இருந்தால் சூடேறித் தோலைச் சுடக்கூடும் என்பதை இங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஸ்கேனுக்கு முன் மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். சுரப்பி மலக்குடலை ஒட்டியே இருப்பதால், அங்கே காற்று நிறைந்திருந்தால் பரவல் படம் நெளிந்துபோய்விடும். ஒரு சிறிய எனிமா கொடுத்தார்கள். அதற்குத் தனிக் கழிப்பறை, சுத்தமாக, தாழ்ப்பாள் உள்ளதாக இருந்தது. குடல் அசைவை அடக்க பஸ்கோபான் ஊசி போட்டார்கள். அதற்கு முன் கண் நீரழுத்த நோய் உண்டா, இதயத் துடிப்பில் கோளாறு உண்டா என்று கேட்டுக்கொண்டார்கள். கடைசியாக, படுக்கப் போகும் முன் ஒரு முறை சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார்கள். நாற்பது நிமிடம் அடக்கிக்கொண்டு கிடக்க முடியுமா என்பதுதான் என் பெரிய பயம். "முடியலைன்னா இந்தப் பந்தை அமுக்குங்க ஐயா, வெளிய கொண்டு வந்துருவோம்" என்று ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்த பிறகுதான் மனம் அடங்கியது.

கால் பக்கம் முதலில் உள்ளே போகும்படி படுக்க வைத்ததால் என் முகம் குழாயின் விளிம்புக்கு அருகிலேயே இருந்தது. மூச்சு முட்டும் உணர்வு வரவில்லை. காதில் பஞ்சும் அதன் மேல் ஹெட்போனும் வைத்தும் சத்தம் பலமாகத்தான் இருந்தது. முதலில் நாட்டுப்படகு எஞ்சின் உதைத்துக் கிளம்புவதைப் போல டக் டக் என்று. பிறகு பரவல் படம் எடுக்கும்போது படுக்கையே அதிரும்படி ஒரே சீரான இரைச்சல். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் "அடுத்தது நாலு நிமிஷம் ஐயா, அசையாம இருங்க" என்று ஹெட்போனில் சொன்னார்கள். எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் எதையும் பொறுத்துக்கொள்ள முடிகிறது. கடைசிப் பகுதியில் கான்ட்ராஸ்ட் ஊசி ஏறியபோது கை வழியாக ஒரு குளிர்ச்சி தோள் வரை ஓடியது. வேறு வலி எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது என்பதையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

குறை சொல்ல வேண்டியது கட்டணத்தைத்தான். தொலைபேசியில் 7,500 ரூபாய் என்றார்கள். பணம் கட்டும் இடத்தில் கான்ட்ராஸ்ட்டுக்கு 2,000 ரூபாய் தனி என்றார்கள். முன்னமே சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். ஆனால் கையில் எண்ணி எடுத்துக்கொண்டு, 150 கிலோமீட்டர் பேருந்தில் வருகிறவர்களிடம் கடைசி நிமிடத்தில் இதைச் சொல்வது முறையல்ல. இரத்தப் பரிசோதனைக் கட்டணமும் அதற்கு மேல்தான். இத்தனைக்கும் அந்தக் கான்ட்ராஸ்ட் எல்லோருக்கும் அவசியம்தானா என்பதே இப்போது கேள்வியாகியிருக்கிறது. 490 ஆண்களை வைத்து நடத்தப்பட்டு 2025-இல் வெளியான பிரைம் என்ற பன்னாட்டு ஆய்வில், ஊசி இல்லாமல் எடுத்த படமும் ஊசியோடு எடுத்த படமும் கவனிக்க வேண்டிய புற்றுநோயை ஏறத்தாழ ஒரே அளவில், அதாவது 29 சதவீதம் பேரிடம், கண்டுபிடித்தன. படத்தின் தரம் நன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு உண்டு. என் மருத்துவர் ஊசியோடுதான் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் அடுத்த முறை தேவைப்பட்டால் ஊசி இல்லாமலே எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே தரப்பட்டதும் எனக்குக் குறையாகப் பட்டது. முடிவுரையின் நான்கு வரிகளையாவது தமிழில் கொடுத்தால் ஊரில் இருக்கிறவர்களுக்கு எவ்வளவோ உதவும்.

அறிக்கை மறுநாள் மாலை வாட்ஸ்அப்பில் வந்தது; படங்கள் அடங்கிய குறுந்தகடு அஞ்சலில் வந்தது. மூன்று பக்கம். சுரப்பியின் கன அளவு 62 மில்லிலிட்டர் என்று முதல் வரியிலேயே இருந்தது. சுரப்பியைப் பகுதி பகுதியாகப் பிரித்து வரைந்த ஒரு வரைபடம், விந்துப் பைகள், நிணநீர்க் கணுக்கள், இடுப்பு எலும்புகள் என்று ஒவ்வொன்றைப் பற்றியும் தனித்தனிப் பத்தி, முடிவில் பைராட்ஸ் 2 என்ற மதிப்பெண், அதன் கீழே படித்த மருத்துவரின் பெயரும் கையெழுத்தும். பைராட்ஸ் என்பது 1 முதல் 5 வரை போடப்படும் மதிப்பெண். 1, 2 என்றால் கவனிக்க வேண்டிய புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு குறைவு. 4, 5 என்றால் அதிகம். 3 என்பது இரண்டுங்கெட்டான். எல்லா நாட்டு மருத்துவர்களும் ஒரே மொழியில் பேசிக்கொள்வதற்காக உண்டாக்கப்பட்ட முறை இது. இப்போது பின்பற்றப்படுவது 2019-இல் திருத்தப்பட்ட 2.1 பதிப்பு. இந்த மதிப்பெண் இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு மருத்துவர் ஏன் எதையும் சொல்ல மறுத்தார் என்பது எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

மருத்துவர் செய்து காட்டிய கணக்கு ஒன்று என் மனத்தில் பதிந்துவிட்டது. பி.எஸ்.ஏ. அளவான 6.8-ஐச் சுரப்பியின் கன அளவான 62-ஆல் வகுத்தார், 0.11 வந்தது. இதைப் பி.எஸ்.ஏ. அடர்த்தி என்கிறார்கள். பெரிய சுரப்பி அதிகம் சுரக்கத்தான் செய்யும்; சிறிய சுரப்பியிலிருந்து இதே 6.8 வந்திருந்தால் கதை வேறு. 0.15-க்கு மேல் போனால்தான் சந்தேகம் வலுக்கிறது. மதிப்பெண் 2, அடர்த்தி 0.11, விரலால் தொட்டுப் பார்த்த பரிசோதனையிலும் கெட்டியாக எதுவும் இல்லை. ஆகவே இப்போதைக்குத் திசு எடுக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பி.எஸ்.ஏ. பார்த்துக்கொண்டு வரலாம் என்று முடிவு செய்தோம். முதல் ஸ்கேனிலேயே கன அளவைக் குறித்திருந்தால் இந்தக் கணக்கின் பாதியாவது அன்றே நடந்திருக்கும்.

ஸ்கேன் சுத்தமாக வந்தால் புற்றுநோய் இல்லவே இல்லை என்று அர்த்தமா என்று கேட்டேன். இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். 2017-இல் லான்செட் இதழில் வெளியான புரோமிஸ் ஆய்வில், பிரிட்டனைச் சேர்ந்த 576 ஆண்களுக்கு ஸ்கேனையும் பயாப்சியையும் செய்து ஒப்பிட்டார்கள். ஆபத்தான புற்றுநோய் உள்ளவர்களில் 93 சதவீதம் பேரை எம்.ஆர்.ஐ. சரியாகச் சுட்டியது, பழைய முறையில் மலக்குடல் வழியாகக் குத்துமதிப்பாக எடுக்கும் பயாப்சி 48 சதவீதம் பேரைத்தான் கண்டுபிடித்தது. இருந்தாலும் ஸ்கேனில் சந்தேகம் இல்லை என்று சொல்லப்பட்டவர்களிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அத்தகைய புற்றுநோய் இருந்தது. அதனால்தான் எனக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை. மறுபக்கம், 2018-இல் வெளியான பிரிசிஷன் ஆய்வில், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்குத் திசு எடுக்க ஊசி குத்தும் தேவையே ஏற்படவில்லை. காய்ச்சலும் இரத்தக் கசிவும் வரக்கூடிய ஒரு சோதனையிலிருந்து தப்பித்தவன் என்ற முறையில், 9,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது இதுதான் என்று சொல்வேன். எனக்கு அது போதுமானது.

எல்லோரும் உடனே தனியார் ஸ்கேனுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பி.எஸ்.ஏ. பார்க்காமல், மருத்துவரிடம் காட்டாமல், முழு உடல் பரிசோதனைத் திட்டம் என்ற விளம்பரத்தைப் பார்த்து நேராக எம்.ஆர்.ஐ.க்குப் போவது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம். நான் போட்ட 5,500 ரூபாய் அதற்குச் சாட்சி. வசதி இல்லாதவர்களுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் எம்.ஆர்.ஐ. இருக்கிறது, தனியாரைவிடக் குறைந்த கட்டணம்தான். காத்திருக்க வேண்டியிருக்கலாம், ஆனால் பி.எஸ்.ஏ. சற்றே ஏறியிருக்கும் ஒருவருக்குச் சில வாரக் காத்திருப்பால் பெரும்பாலும் கேடு வருவதில்லை என்று என் மருத்துவரே சொன்னார். அங்கேயும் பரவல் படம், பைராட்ஸ் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். 50 வயதைக் கடந்தவர்கள், தகப்பனுக்கோ அண்ணன் தம்பிக்கோ நோய் இருந்தால் 45 வயதிலேயே, பி.எஸ்.ஏ. பற்றி மருத்துவரிடம் பேசத் தொடங்கலாம்.

அண்ணனுக்கு இப்போது ஹார்மோன் ஊசி போட்டு வருகிறார்கள். வலி குறைந்திருக்கிறது, திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னும் அளவுக்குத் தேறியிருக்கிறார். என் அறிக்கையை அவரிடம் வாசித்துக் காட்டியபோது, 2 என்ற எண்ணை மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அவருடைய மூத்த மகனுக்கு வயது 46. சவூதியில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் விடுமுறையில் வருகிறான். "சித்தப்பா, நீங்க போன இடத்துலயே எனக்கும் ஸ்கேனுக்குச் சொல்லி வச்சுருங்க" என்று தொலைபேசியில் சொன்னான். வேண்டாம், வந்ததும் முதலில் இரத்தத்தைக் கொடு, அந்த எண்ணை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மருத்துவரிடம் போவோம் என்று சொல்லியிருக்கிறேன்.